நான் விதைச்சது வரல, அதுவா விழுந்தது வந்துச்சு: உங்க வீட்டுப் பூச்செடி கதையையும் சொல்லுங்க

பெங்களூர் அல்சூர்ல வாடகை வீடு. காம்பவுண்டு சுவரை ஒட்டி ரெண்டடி அகலத்துக்கு மண்ணு இருந்துச்சு. போன வருஷம் மே மாசம், தர்மபுரியில அம்மா வீட்டுலேருந்து காசித்தும்பை விதையைப் பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்தேன். ஒரு விரக்கடை ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒவ்வொண்ணா போட்டு மூடி, ரெண்டு வேளையும் தண்ணி. முளைச்சது நாலே நாலு. அதுல ஒண்ணு நத்தைக்குப் போச்சு.

மிச்சம் மூணும் ஆகஸ்ட்ல பூத்துக் காய் பிடிச்சுது. காய் லேசா வெளுத்து வயிறு உப்பினதும் பறிக்கப் போனேன். விரல் பட்டதுதான் தாமதம், தோல் அஞ்சு கீத்தா பிளந்து சுருண்டுகிட்டு விதை மூஞ்சியிலேயே அடிச்சுது. உள்ளங்கையில இருந்த தோல் பச்சைப் புழு மாதிரி நெளியுது. பதறி உதறிட்டேன். ஒரு விதைகூட கைக்குச் சிக்கல.

ஜனவரியில ஓனர் ஸ்கூட்டர் நிறுத்த அந்த மண்ணு மேல சிமெண்ட் போட்டுட்டாரு. அவர் வீடு, என்ன சொல்றது. அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல.

ஏப்ரல்ல மாங்கா மழை ரெண்டு பெய்ஞ்சுது. சிமெண்டுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற விரிசல்ல, சாக்கடை ஓரத்துல, கீழ் வீட்டுத் துளசித் தொட்டியில, எங்க பார்த்தாலும் காசித்தும்பை நாத்து. எண்ணிப் பார்த்தேன், 43. ஒண்ணுக்கும் யாரும் குழி தோண்டல, மேலாக்க விழுந்து கிடந்த விதைதான். நான்தான் முதல் வருஷம் ஆழமாப் புதைச்சுக் கெடுத்திருக்கேன். இப்பல்லாம் தூவிட்டு, மேல ஒரு சிட்டிகை மண்ணு, அவ்வளவுதான்.

பதில், மல்லேஸ்வரத்திலிருந்து:
எங்க வீட்டுல அந்திமந்தாரை. இங்க பக்கத்து வீட்டம்மா கன்னடத்துல ‘சஞ்சே மல்லிகே’ன்னுதான் சொல்லுவாங்க. சாயங்காலம் காபி போடுற நேரத்துக்கு டாண்ணு விரியும். விதை அச்சு அசல் மிளகு. காயட்டும்னு கிண்ணத்துல போட்டு அடுப்பு மேடையில வெச்சிருந்தேன். மாமியார் ரசத்துக்குப் பொடிக்க அதை அம்மியில கொட்டிட்டாங்க. நல்ல வேளை, வாசனையே வரலியேன்னு என்னைக் கூப்பிட்டாங்க. அது விஷங்க, விதையும் கிழங்கும் ரெண்டுமே. குழந்தை இருக்கிற வீட்டுல ஜாக்கிரதை. செடியைப் பிடுங்கிப் போட்டாலும் அடியில கிழங்கு கிடந்தா மறுபடி தழைஞ்சு வந்துடும். சிவப்பும் வெள்ளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தேன், தானா முளைச்சதுல ரோஸ் கலர் வந்துச்சு. நான் வாங்கினதே இல்ல அந்தக் கலரை!

பதில், கே.ஆர்.புரத்திலிருந்து:
கனகாம்பரம் யாரும் சொல்லலியே. காய்ஞ்ச கதிரை டம்ளர் தண்ணியில போட்டுட்டுக் கொஞ்சம் காத்திருங்க. பட் பட்னு வெடிக்கும். சின்ன வயசுல எச்சில் தொட்டு வெடிக்க வெச்சு அடி வாங்கினவன் நான். மழை பட்டா செடியிலேயே வெடிச்சுடும், அதனால விதை வேணும்னா வெயில் நாள்லயே கதிரை ஒடிச்சு வெச்சுக்கணும்.

பதில், ஜெயநகரிலிருந்து:
எனக்கு ஏமாத்தம்தான். நர்சரியில வாங்கின ஹைப்ரிட் செண்டுமல்லி, ஒவ்வொண்ணும் லட்டு சைஸ். விதை எடுத்துப் போட்டா அடுத்த முறை ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை, ரெண்டு ஒத்தை அடுக்கு. ஹைப்ரிட் விதைக்குத் தாய்ச்செடி குணம் அப்படியே வராதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. நாட்டு ரகத்துல விதை எடுத்தா இந்த வம்பு இல்ல.

அல்சூர் மறுபடியும்:
மல்லேஸ்வரம் அக்கா, அந்த ரோஸ் கலர் விதை பத்து எனக்கு வேணும். பதிலுக்குக் காசித்தும்பை தரேன், இப்பல்லாம் காயைத் துணிப்பைக்குள்ள விட்டுத்தான் தொடுறேன். தயவுசெஞ்சு மிளகு டப்பாவுல மட்டும் போட்டு அனுப்பிடாதீங்க.