பி மெமோ வைத்திருந்தால் வீடு சொந்தமா?

சங்கிலிக்காரன்: நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "மதுரையில் கண்மாய்க்கரையில் இருப்பவர்களிடம் பி மெமோ இருக்கிறது, அரசாங்கம் கைவைக்க முடியாது." படித்ததும் குடித்த காபி இறங்கவில்லை. சர்வே வேலையில் சங்கிலி இழுத்தே தலை நரைத்தவன் நான். பி மெமோ என்பது 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி போடுகிற அபராத நோட்டீஸ். "நீ ஆக்கிரமித்திருக்கிறாய்" என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த தாளைப் பத்திரம் என்று நீட்டுகிறார்கள்.

செல்லூர்க்காரன்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அந்த ரசீதுகளை எங்கள் அம்மா டிரங்குப் பெட்டிக்குள் மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். மடிப்பு விட்டுப்போன தாளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறார். அப்பா பெயர் இருக்கிறது, சர்வே நம்பர் இருக்கிறது. பணத்தை வாங்கினால் ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

சங்கிலிக்காரன்: தம்பி, ஹெல்மெட் போடாததற்கு ஃபைன் கட்டினால் லைசென்ஸ் கைக்கு வந்துவிடுமா?

செல்லூர்க்காரன்: ஒரே ஆளிடம், ஒரே இடத்துக்கு, முப்பது வருஷமாக வாங்கினால் அது ஃபைன் இல்லை அண்ணே, வாடகை.

புதூர்வாசி: உலகனேரி கண்மாயில் உயர்நீதிமன்றக் கிளையே நிற்கிறது, 2004ல் திறந்தார்கள். அதற்கு யார் பி மெமோ போட்டது?

சங்கிலிக்காரன்: வந்துவிட்டார்! ரேஷன் கார்டு பேச்சிலும் இவர் உலகனேரியைத்தான் இழுத்தார். அரசு தன் நிலத்தில் கட்டுவதும் தனியாள் கட்டுவதும் ஒன்றா?

புதூர்வாசி: அது அரசுக் கட்டடம் என்று தண்ணீருக்குத் தெரியுமா?

சங்கிலிக்காரன்: தண்ணீரா? 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்களில் நின்றதே, அதைக் கேளுங்கள். கண்மாய்களைக் காக்க 2007ல் தனிச் சட்டமே வந்தது. குடியிருப்புக்கான நத்தம் புறம்போக்கு வேறு, நீர்நிலைப் புறம்போக்கு வேறு. நீர்நிலையில் ஆயிரம் பி மெமோ வாங்கினாலும் ஒன்றும் ஆகாது. செல்லூர் ஆட்கள் தண்ணீரைப் பற்றிப் பேசினாலே எனக்குத் தெர்மாகோல்தான் ஞாபகம் வருகிறது.

செல்லூர்க்காரன்: அது நடந்தது வைகை அணையில். தேனி மாவட்டம். சங்கிலி இழுத்தவருக்கு எல்லை தெரிய வேண்டாமா?

புதூர்வாசி: 1985ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சங்கிலிக்காரன்: பாதியில் நிறுத்தாதீர்கள். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்பதும் அதே தீர்ப்புதான். அதிலும் பி மெமோ உரிமை ஆகும் என்று இல்லை.

புதூர்வாசி: பம்பாயில் ஏது பி மெமோ?

தெற்குவாசல்: சண்டையை விடுங்கப்பா. குடிசை மாற்று வாரியம் ராஜாக்கூரில் கட்டியிருக்கிறதே, அங்கே வீடு கொடுத்தால் போக வேண்டியதுதானே?

சங்கிலிக்காரன்: 2021லேயே அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகிவிட்டது. பெயரையாவது சரியாக எழுதுங்கள்.

செல்லூர்க்காரன்: போர்டு மாறியது, தூரம் குறையவில்லை. எங்கள் அம்மா பூக்கட்டி விற்கிறார்.

சங்கிலிக்காரன்: பூ மார்க்கெட் மாட்டுத்தாவணியில். ராஜாக்கூரிலிருந்து வந்தால் ஊருக்குள்ளேயே நுழைய வேண்டாம். இன்னும் வசதி.

செல்லூர்க்காரன்: வாங்குவது மாட்டுத்தாவணி. விற்பது செல்லூரில், வாடிக்கை வீடுகளுக்கு. வெள்ளிக்கிழமைக்கு யாருக்கு எத்தனை முழம் என்று கேட்காமலே வாசல் கேட்டில் தொங்கவிட்டுப் போவார். ராஜாக்கூர் மாடிப்படியில் யாருக்கு முழம் போடுவார்?

தெற்குவாசல்: நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சங்கிலிக்காரன்: பூ வேறு, புறம்போக்கு வேறு. பி மெமோ உரிமை ஆகாது. நாலாவது தடவை சொல்கிறேன்.

புதூர்வாசி: ஆறாவது. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்புறம், உலகனேரிக்கு இன்னும் பதில் இல்லை.

சங்கிலிக்காரன்: அந்த ரசீதைப் போட்டோ எடுத்துப் போடச் சொல்லுங்கள். எந்தப் புறம்போக்கு என்று ஒரே நிமிஷத்தில் சொல்கிறேன்.

செல்லூர்க்காரன்: போடுகிறேன். சர்வே நம்பரை மறைத்துத்தான் போடுவேன்.

சங்கிலிக்காரன்: நம்பர் இல்லாமல் எதைப் பார்ப்பது?

செல்லூர்க்காரன்: சோற்றுப் பருக்கையைப் பாருங்கள்.