புதுப்பிப்பு: ஹீட் ஷீல்டு மறுபடி மாட்டியாச்சு

என் 1998 மாடல் காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினின் சூடான புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) மேலே இருக்கும் ஹீட் ஷீல்டு, அதாவது சூடு தடுக்கும் தகடு, துருப்பிடித்து கடகடக்கிறது, கழற்றியே போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தேன். அப்படிக் கழற்றிப் போடவில்லை. பக்கத்திலேயே பிளக் வயரும் ரப்பர் ஹோஸும் போகின்றன. ஷீல்டு இல்லாவிட்டால் மேனிஃபோல்டு சூட்டில் அவை நொறுங்கிப் போகும்.

போல்ட்தான் பெரும்பாடு. முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன். ஆறு முனை சாக்கெட்டே போடுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட் தலையை வழித்துவிடும். நகராவிட்டால் வேகம் காட்டாமல் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி எடுக்க வேண்டும். உள்ளே முறிந்தால் மேனிஃபோல்டையே இறக்க வேண்டியிருக்கும்.

துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, 600 டிகிரி தாங்கும் சில்வர் பெயின்ட் மெல்லிசாக அடித்தேன். அது சூட்டில்தான் முழுசாக இறுகும். அதனால் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு, ஆறவைத்து, அப்புறம் மறுபடி ஓடவிட்டேன். முதலில் லேசாகப் புகை வரும், பயப்பட வேண்டாம். போல்ட் ஓட்டை தேய்ந்த இடத்தில் அகலமான ஸ்டெயின்லெஸ் வாஷர் போட்டதும் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது.