வியாழன் உருவானது எப்படி: கருவா முதலில், வாயுவா முதலில்?

வெள்ளவத்தை வாசுகி:
கொழும்புக் கோள்மண்டலத்துக்குப் போய்வந்த மகள் கேட்கிறாள்: ஞாயிற்றுத் தொகுதி முழுக்க ஒரே முகிலில் இருந்து வந்ததென்றால் பூமி ஏன் கல், வியாழன் ஏன் வாயு? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பம்பலப்பிட்டி தயா:
நல்ல கேள்வி பிள்ளை. சூரியனுக்குக் கிட்ட வெக்கை கூட. அங்கே பாறையும் உலோகமும்தான் திண்மமாக நின்றன. செவ்வாய் தாண்டினால் நீரும் உறைந்துவிடும். பனியும் சேர்ந்ததால் அங்கே கரு, அதாவது கோளின் நடுவில் திரளும் திண்மக் கட்டி, கெதியாகப் பருத்தது. பூமியைப்போல் பத்து மடங்கு வந்ததும் சுற்றியிருந்த ஐதரசனையும் ஈலியத்தையும் வாரி இழுத்தது. இன்றைக்கு வியாழனின் திணிவு 318 பூமிகள்.

கொட்டாஞ்சேனை நிமலன்:
தயா அண்ணை, நேரக் கணக்கு இடிக்குது. இளம் நட்சத்திரத்தைச் சுற்றிய வாயுத் தட்டு சில மில்லியன் ஆண்டுகளில் கலைந்துவிடும். கல்லோடு கல் மோதிப் பத்துப் பூமி சேரும்வரை வாயு காத்திருக்குமா? 1997 இல் வானியலாளர் அலன் பொஸ் காட்டிய வழி நேரானது: தட்டே தன் ஈர்ப்பால் உடைந்து கட்டிகளாகும். ஆயிரம் ஆண்டுக் கணக்கில் வேலை முடிந்துவிடும்.

பம்பலப்பிட்டி தயா:
தம்பி, விண்கற்களைக் கேளும். 1969 இல் மெக்சிக்கோவில் விழுந்த அலெண்டே கல்லை அறுத்தால் கரிய கல்லுக்குள் வெள்ளைத் துணிக்கைகள் தெரியும். அந்த வகைத் துணிக்கைகளுக்கு வயது ஏறக்குறைய 456.7 கோடி ஆண்டு. ஞாயிற்றுத் தொகுதியில் முதலில் உறைந்த திண்மம் அதுதான், எங்கள் மணிக்கூடு அங்கே தொடங்குகிறது. விண்கற்களில் மொலிப்டினம் உலோகத்தின் சமதானிகளை (ஒரே தனிமத்தின் வேறுவேறு எடை அணுக்களை) பார்த்தால் அவை இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. உள்பக்கப் பொருளும் வெளிப்பக்கப் பொருளும் கலக்கவில்லை. முதல் ஒரு மில்லியன் ஆண்டுக்குள்ளேயே வியாழனின் கரு இருபது பூமியளவு வளர்ந்து நடுவில் தடுப்பாக நின்றது என்று 2017 இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கணித்தார்கள். கல்லோடு கல் மோதுவது மட்டும் வழியல்ல. வாயுவின் இழுவையால் வேகம் குறைந்த சிறு கூழாங்கற்களை அள்ளினால் கரு மளமளவென்று வளரும்.

கொட்டாஞ்சேனை நிமலன்:
தடுப்பு வியாழன்தான் என்று ஆர் சொன்னது? தட்டிலேயே வாயு அழுத்தம் கூடிய வளையம் இருந்தாலும் தூசு அந்தப் பக்கம் தேங்கும். 2014 இல் அல்மா தொலைகாட்டி எடுத்த எச்.எல். டோரி என்ற இளம் நட்சத்திரத்தின் தட்டுப் படத்தில் வளையங்கள் அப்படியே கிடக்கு. வியாழனைச் சுற்றி ஆராய்ந்த ஜூனோ விண்கலமும் இறுகிய கருவைக் காணவில்லை. பாதி ஆரை வரைக்கும் கரைந்து பரந்த ஒன்றைத்தான் கண்டது.

பம்பலப்பிட்டி தயா:
கரைந்ததென்றால் கரைய ஒன்று இருந்திருக்க வேணுமே! சரி, யுரேனசையும் நெப்டியூனையும் எடும். 14, 17 பூமித் திணிவு, அதில் ஐதரசனும் ஈலியமும் சிறு பங்கு. கரு வளர்ந்து முடிய வாயு தீர்ந்துபோன கோள்கள் அவை. உம்முடைய வழியில் அவை எப்படி வந்தன?

கொட்டாஞ்சேனை நிமலன்:
அந்த இரண்டுக்கும் கரு வழி பொருந்தும், அதை நான் மறுக்கேல்லை. ஆனால் ஏ.பி. ஔரிகே நட்சத்திரத்தில் 2022 இல் அறிவித்த இளங்கோளைப் பாருங்கோ. பூமி–சூரியன் தூரத்தைப்போல் தொண்ணூறு மடங்குக்கு அப்பால் இருக்கு. அவ்வளவு தூரத்தில் கரு திரள நேரமே இல்லை.

பம்பலப்பிட்டி தயா:
அங்கே தட்டு குளிர்ந்தது, உடையும். வியாழன் இருப்பது ஐந்து மடங்கில். அந்தத் தூரத்தில் வாயு கெதியாகக் குளிராது, குளிராத தட்டு கட்டியாக உடையாது. வாசுகி, மகளுக்கு முதலில் இந்தத் தூர வித்தியாசத்தைச் சொல்லுங்கோ.