ஸ்பார்க்கிள் தெரியாதவர் நூலகரே இல்லையா?

அட்டைப்பெட்டி:
நேற்று ஒரு தம்பி அருளியது: "ஸ்பார்க்கிள் குவெரி எழுதத் தெரியாத நூலகருக்கு லிங்க்டு டேட்டா பயிற்சி கொடுப்பது வீண்." லிங்க்டு டேட்டா என்றால் நூல், ஆள், இதழ் பற்றிய தரவுகளை வலையில் ஒன்றோடொன்று இணைப்பது. ஸ்பார்க்கிள் அந்தத் தரவைக் கேட்டு எடுக்கும் வினவல் மொழி. 26 வருடம் கேட்டலாக், அதாவது நூல் பட்டியல், செய்தவன் நான். படித்ததும் வயிறு எரிந்தது. முதல் நாள் பயிற்சியிலேயே ஸ்பார்க்கிள் எதற்கு?

டேட்டா தம்பி:
அந்தத் தம்பி நான்தான் சார், நேராகவே திட்டலாம். தரவை இணைத்துவிட்டு அதைக் கேட்கத் தெரியாவிட்டால், கிணறு வெட்டிவிட்டு வாளி வாங்காத கதைதான். ஸ்பார்க்கிள் 2008-லேயே வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்துவிட்டது. இன்னும் எத்தனை வருடம் "புதுசு" என்று தள்ளுவீர்கள்?

அட்டைப்பெட்டி:
வாளி இருக்கட்டும், கிணற்றில் தண்ணீர் ஊற வேண்டாமா? 'கல்கி' என்று தேடிப் பாருங்கள். எழுத்தாளர் ரா. கிருஷ்ணமூர்த்தியும் கல்கி, 1941-இல் அவர் தொடங்கிய பத்திரிகையும் கல்கி. எது ஆள், எது இதழ் என்று பார்த்துத் தனித்தனி யூஆர்ஐ, அதாவது வலை அடையாளம், கொடுப்பது யார், உங்கள் குவெரியா? ஒரு கல்லூரியில் ஓப்பன்ரிஃபைன் என்ற தரவு சீராக்கும் மென்பொருளில் பெயர்களை விக்கிடேட்டா என்ற திறந்த தரவுத்தளத்தோடு பொருத்தினார்கள். பொறுப்பில் இருந்தவர் எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் ஏற்க, நாவலுக்கு ஆசிரியராகப் பத்திரிகை உட்கார்ந்துவிட்டது. அவருக்கு ஸ்பார்க்கிள் நன்றாகவே தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்ஐஎஸ் மாணவி:
ஒரு சந்தேகம். லிங்க்டு டேட்டா என்று இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்களா? சார் விக்கிடேட்டா என்கிறார். எங்கள் நூலக அறிவியல் பாடத்தில், நூல் விவரங்களை லிங்க்டு டேட்டாவாக எழுதும் பிப்ஃப்ரேம் வடிவம்தான் இருக்கிறது.

டேட்டா தம்பி:
அது அப்புறம். சார், அந்தத் தவறைக் கண்டுபிடிக்கவும் ஸ்பார்க்கிள்தான் வேண்டும். 'ஆசிரியர் இடத்தில் மனிதர் அல்லாததை எல்லாம் கொடு' என்று நாலு வரி எழுதினால் போதும், பத்திரிகை மாட்டிக்கொள்ளும்.

அட்டைப்பெட்டி:
நாலு வரி எழுத நூலகத்துக்கு ஒருவர் போதும். நாற்பது பேரையும் உட்காரவைத்து அடைப்புக்குறி எண்ணவைப்பானேன்? ஸ்வீடன் தேசிய நூலகம் 2018-இல் லிப்ரிஸ் என்ற தன் கூட்டு நூல் பட்டியலைப் பிப்ஃப்ரேம் அடிப்படைக்கு மாற்றியது. அங்கே கேட்டலாக் செய்பவர் திரையில் படிவத்தைத்தான் நிரப்புகிறார். ஸ்பார்க்கிள் எழுதிக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கோஹா பிரியன்:
ஸ்வீடனா! எங்கள் பக்கம் பயிற்சி என்றால் 2 நாள் பயிலரங்கு, ஒரு சான்றிதழ், குரூப் போட்டோ. மதியச் சாப்பாடு மட்டும் குறைவில்லை. 30 பேருக்கு 6 கணினி, அதிலும் 2 ஓடாது. இதில் ஸ்பார்க்கிளாம்.

அட்டைப்பெட்டி:
பிரியன் சார், நூல் பதிவுக்கான பழைய வடிவமான மார்க்கைப் பற்றிப் போன மாதம் "மார்க் செத்துவிட்டது" என்று இங்கே எழுதியவர் நீங்கள்தானே? உங்கள் கோஹா நூலக மென்பொருளுக்குள் இருப்பது என்ன, சுண்டலா?

கோஹா பிரியன்:
நான் எழுதியது "மார்க் சாகும்" என்று. வினைச்சொல்லின் காலத்தைப் பார்க்காதவர் கேட்டலாகரா?

டேட்டா தம்பி:
அட்டைப்பெட்டி சார், நீங்களே "ரா. கிருஷ்ணமூர்த்தி" என்று இனிஷியலை முன்னால் போட்டிருக்கிறீர்கள். பெயரின் நிலையான வடிவத்தைப் பதியும் அதாரிட்டி ரெக்கார்டில் அது பின்னால் வர வேண்டாமா? 26 வருடம் ஆயிற்றே!

அட்டைப்பெட்டி:
நான் எழுதியது கடிதம், ரெக்கார்டு இல்லை. ரெக்கார்டு என்றால் ஆர்டிஏ என்ற பட்டியலாக்க விதிகளின்படி அதிகம் அறியப்பட்ட பெயர்தான் தலைப்பு. கல்கி, 1899-1954. கிருஷ்ணமூர்த்தி மாற்றுப் பெயராகக் கீழே போகும். இதைத்தான் முதல் நாள் சொல்லித்தர வேண்டும் என்கிறேன். ஒரு பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று பார்க்கத் தெரியாதவனுக்கு ஸ்பார்க்கிள் கொடுத்தால், தப்பை வேகமாகக் கொண்டுவந்து கொட்டுவான்.

டேட்டா தம்பி:
ஸ்பார்க்கிள் தெரியாதவனுக்குத் தப்பு இருப்பதே தெரியாது.

எல்ஐஎஸ் மாணவி:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அட்டைப்பெட்டி:
இரும்மா. தம்பி, அந்தக் கல்லூரிப் பட்டியலை நாளைக்கு அனுப்புகிறேன். அதில் 'கல்கி' 61 இடத்தில் வருகிறது. உங்கள் நாலு வரியை ஓட்டிக் காட்டுங்கள்.

டேட்டா தம்பி:
தாராளமாக அனுப்புங்கள். பிடிஎஃப்பில் மட்டும் வேண்டாம் சார், போன தடவை மாதிரி.