கல்வட்டங்கள் மலைச்சிகரங்களைக் குறிவைத்து நட்டவையா?

வரைபடப்பித்தன்:
இங்கிலாந்தின் கம்பிரியாவில் உள்ள காசில்ரிக் கல்வட்டத்தை வரைபடத்தில் அலசிக்கொண்டிருக்கிறேன். ஸ்கிடா, பிளென்கத்ரா, ஹெல்வெலின் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. ஒவ்வொரு கல்லும் ஒரு சிகரத்தைக் காட்டுகிறது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். பழங்காலச் சின்னங்கள் நேர்கோட்டில் அமைந்தவை என்று 1921இல் ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் என்ற ஆர்வலர் கிளப்பிவிட்ட நேர்கோட்டுப் பாதைகளையும் இதோடு முடிச்சுப் போடுகிறார்கள். எவ்வளவு நம்பலாம்?

கல்கோடாரி:
சுமார் 40 கற்கள், 30 மீட்டர் விட்டம், சுற்றிலும் மலை. எப்படிக் கோடு இழுத்தாலும் ஏதாவதொரு சிகரத்தில் முட்டத்தான் செய்யும். பக்கத்தில் ஒரு வெற்று மேட்டில் கற்பனையாக 40 கல் நட்டு இதே சோதனையைச் செய்து பாருங்கள், அங்கேயும் முட்டும்.

சிகரங்களை விட, ஆட்கள் நடமாடிய கணவாய்களைப் பார்க்கச் சொல்வேன். தெற்கே கிரேட் லாங்டேலில், பைக் ஆஃப் ஸ்டிக்கிள் சரிவில், புதிய கற்காலத்தில் கோடாரிக்குக் கல் உடைத்தார்கள். எரிமலைச் சாம்பல் இறுகிய பச்சை நிறக் கல். உடைத்த சில்லுகள் இன்றும் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. அந்தக் கோடாரிகள் யார்க்‌ஷயர், லிங்கன்‌ஷயர் வரை போயிருக்கின்றன. ஸ்டேக் கணவாய் ஏறி பாரோடேல் பள்ளத்தாக்கில் இறங்கினால் காசில்ரிக் பக்கம் வந்துவிடலாம். வட்டத்துக்குள்ளேயே 19ஆம் நூற்றாண்டில் ஒரு கல்கோடாரி கிடைத்தது. அதை வைத்து சந்தை நடந்தது என்று சொல்லிவிட மாட்டேன். ஆனால் பல பள்ளத்தாக்கு ஆட்கள் எளிதாக வந்து கூடக்கூடிய மேடு அது.

நிலாக்கிறுக்கி:
மலையை அப்படி ஒரேயடியாகக் கழித்துவிடாதீர்கள்! ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கலனிஷ் என்ற கல்வட்டம் இருக்கிறதே. தெற்கே உள்ள குன்றுத்தொடர் படுத்திருக்கும் பெண் போலத் தெரியும். 18.6 ஆண்டுக்கு ஒருமுறை முழுநிலா அதன்மேல் உரசுகிற மாதிரித் தாழ்ந்து போகும். கடைசியாக 2024–25 வாக்கில்.

கல்கோடாரி:
கலனிஷை ஒத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு திசை, ஒரு மலை, ஒரு நிகழ்வு. சோதித்துப் பார்க்க வழியிருக்கிறது.

வரைபடப்பித்தன்:
அப்படியானால் தென் இங்கிலாந்தில் ஏவ்பரி கல்வட்டத்தை ஒட்டிப் போகும் ரிட்ஜ்வே என்ற மேட்டுப் பாதை? பிரிட்டனின் மிகப் பழைய சாலை என்கிறார்களே.

கல்கோடாரி:
சுண்ணாம்பு மேட்டில் தேய்ந்த தடத்துக்கு வயது கண்டுபிடிப்பது பெரும்பாடு. மேட்டின் முதுகில் ஈரமில்லாமல் நடக்கலாம், அதனால் எல்லாக் காலத்திலும் நடந்திருப்பார்கள் என்பது வெறும் ஊகம். வயது உறுதியாகத் தெரிந்த தடம் வேண்டுமென்றால் சோமர்செட் சதுப்பில் பலகை அடுக்கிய ஸ்வீட் டிராக்கைப் பாருங்கள். மர வளையங்களை எண்ணி, கி.மு. 3807 – 3806இல் வெட்டிய மரம் என்று சொல்லிவிட்டார்கள். அது சதுப்பைத் தாண்டிக் கரையேறப் போட்டது. எந்தக் கல்வட்டத்துக்கும் போகவில்லை.