பழையபேட்டையில் பழைய வீடு விற்க எவ்வளவு காலம் ஆகும்?

கிருஷ்ணகிரி நண்பர்களுக்கு வணக்கம். பழையபேட்டையில் அப்பா கட்டிய வீட்டை விற்க முயன்று வருகிறோம். பட்டா அம்மாவின் பெயரில் இருக்கிறது, வில்லங்கம் எதுவும் இல்லை. சித்திரையில் ஆட்கள் அடுத்தடுத்து வந்தார்கள். ஆடி பிறந்ததும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வந்தவர்களும் அறைகளைப் பார்ப்பதற்கு முன்பே தெருவின் அகலத்தை டேப் பிடித்து அளந்தார்கள். கார் உள்ளே வராது என்றதும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஒருவர் மட்டும் சமையலறைச் சுவரில் ஓதம் ஏறிய இடத்தை விரலால் தட்டினார்; காரை உதிர்ந்தது. உடனே பாதி விலைக்குக் கேட்டார். அன்று இரவு அம்மாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் என்று வாங்குபவருக்கும் 9 சதவீதம் தனியாகச் செலவாகிறது. அதனால் அவர்கள் பேரம் பேசுவது நியாயம்தான். ஆனால் அடிமாட்டு விலைக்குக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இந்தப் பக்கம் வீடு விற்றவர்களுக்கு எத்தனை மாதங்கள் ஆயின? ஓதத்தைச் சரிசெய்து வெள்ளையடித்துக் காட்டினால், செலவழித்த பணமாவது விலையில் திரும்பி வருமா? ஒரே தரகரிடம் ஒப்படைப்பதா, நாலு பேரிடம் சொல்லி வைப்பதா? ஆவணியில் பத்திரப்பதிவு சூடு பிடிக்கும் என்கிறார்கள். அதுவரை விலையைக் குறைக்காமல் பொறுத்திருக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.