கார்த்திகை மழை விட்டாச்சு, காட்பாடிச் செம்மண்ணில் இப்போது என்ன விதைக்கலாம்?

கேள்வி: காட்பாடிக் கொல்லை

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் செம்மண், மாடியில் பதினைந்து பைகள். மழை நின்று ஒரு வாரம் ஆகிறது. தரையில் மேல்மண் பாளமாக இறுகிவிட்டது. பையில் போட்ட தக்காளி நாற்றுகள் மண்ணை ஒட்டித் தண்டு கறுத்துச் சாய்கின்றன. கேரட், முள்ளங்கி, பீட்ரூட், காலிஃபிளவர், கொடி அவரை போட ஆசை. போர் தண்ணீர் உப்பு. ஒரு மாமரமும் இரண்டு குண்டுமல்லிச் செடியும் இருக்கின்றன. அவற்றுக்கு இப்போது ஏதாவது செய்யணுமா?

பதில்: பாலாற்று மண்

சார், விதைக்கு முன் மண்ணைப் பாருங்கள். ஒரு பிடி எடுத்து உருட்டி விரலால் தட்டினால் உதிரணும். ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். சேறாகக் கொத்திய செம்மண் கட்டி கட்டியாகக் காய்ந்து அந்தப் பயிர்ப் பருவம் முழுக்கத் தொல்லை தரும். பதம் வந்ததும் அரை அடி ஆழம் கொத்தி, பத்து சதுர மீட்டருக்கு 25 கிலோ நன்றாக மக்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்துவிடுங்கள். மழையில் தழைச்சத்து கரைந்து இறங்கியிருக்கும், அதனால் இதைத் தவிர்க்க வேண்டாம்.

மழை உப்பையும் கீழே இறக்கியிருக்கும். உப்புத் தண்ணீர் பாய்ச்சும் நம்ம பக்கத்துக்கு ஆண்டிலேயே மண் நல்ல நிலையில் இருப்பது இந்தச் சில வாரங்கள்தான். எனவே உப்பு தாங்காத கேரட், முள்ளங்கியை முதலில் விதையுங்கள். பீட்ரூட்டும் பாலக்கும் ஓரளவு தாங்கும், பிறகு போட்டாலும் பரவாயில்லை.

கேரட்டுக்கு 90 முதல் 100 நாள் வேண்டும். கார்த்திகைக்குள் விதைத்தால் வெயில் ஏறும் நேரத்தில் தோண்டிவிடலாம். தை பிறந்து போட்டால் கிழங்கு சிறுத்து நாராகும். ஓரடி இடைவெளியில் கோடு கிழித்து, விதையோடு நாலு பங்கு மணல் கலந்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவுங்கள். மேலே அதே மண்ணைப் போடாதீர்கள்! முளைக்க 10–15 நாள் ஆகும். அதற்குள் செம்மண் ஓடு போல இறுகி முளையை மேலே விடாது. மணலும் தென்னை நார்த்தூளும் கலந்து மூடி, ஈரச் சாக்கு விரித்து, முளை தெரிந்த அன்றே சாக்கை எடுங்கள். முளைக்கும் வரை பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதையே தெளியுங்கள். மூன்று வாரத்தில் 5–7 செ.மீ.க்கு ஒரு செடியை விட்டு மற்றதைக் களையணும். பச்சைச் சாணம் பட்டால் கிழங்கு இரண்டு மூன்று கிளையாகப் பிரியும்.

முள்ளங்கி 45 நாள். பதினைந்து நாளுக்கு ஒரு வரிசை போடுங்கள். பீட்ரூட்டில் நாம் விதை என்று போடுவது ஒரு கொத்து, ஒன்றிலிருந்து இரண்டு மூன்று முளை வரும், ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளணும். காலிஃபிளவரில் சமவெளிக்கான குறுகிய காலப் பூ ரகம்தானா என்று கேட்டு வாங்குங்கள். மலை ரகம் நம்ம ஊரில் இலையாகவே நிற்கும். நாற்று 25–30 நாளுக்கு மேல் முற்றியிருந்தாலும் பூ பொத்தான் அளவில் நின்றுவிடும்.

பதில்: நாற்றங்கால்

தக்காளியில் வந்திருப்பது நாற்றழுகல். சாய்ந்தது பிழைக்காது, சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து எறியுங்கள். மீதி நாற்றுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றணும். அதே வாரம் டிரைக்கோடெர்மாவும் போடுகிறார்கள் சிலர். தாமிர மருந்து அந்த நல்ல பூஞ்சையையும் கொல்லும், பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள்.

ஆனால் மருந்து பாதி வேலைதான், மூலகாரணம் தேங்கிய தண்ணீர். பையை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, அடித்துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். கலவையில் தென்னை நார்த்தூள் பாதிக்கு மேல் இருந்தால் மழையில் ஊறிக்கொண்டே இருக்கும். மூன்றில் ஒரு பங்கு போதும். தண்ணீர் காலையில் மட்டும்.

காலியாகும் பைகளுக்கு இலவம்பாடி முள்ளுக்கத்தரி வையுங்களேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மாவட்டக் காய். மார்கழியில் நாற்றுவிட்டு, 30–35 நாளில் எடுத்து நடலாம், பைக்கு ஒரே செடி. நுனிக் கொழுந்து வாடித் தொங்கினால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு இரண்டு விரல் கீழே வெட்டி அழித்துவிடுங்கள், செடியடியில் போடாதீர்கள்.

பதில்: சோளிங்கர் செடிகள்

கொடி அவரை இப்போது வேண்டாம். ஆடியில் போட்டால் கொடி பந்தல் ஏறி, பகல் குறுகும் இந்த நாட்களில் பூக்கும். இப்போது போட்டால் நாலு இலை விட்டதும் பூவெடுத்து, காய் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். செடி அவரை போடலாம்.

மாமரத்துக்குப் பூ வரும்வரை தண்ணீர், உரம், கவாத்து (கிளை வெட்டுவது) மூன்றும் கிடையாது. இப்போது தண்ணீர் காட்டினால் பூவுக்குப் பதில் தளிர் தள்ளும். பிஞ்சு பட்டாணி அளவு ஆனபின் பாய்ச்சுங்கள். பூங்கொத்தில் வெள்ளைப் பொடி படிந்தால் நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்.

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்யணும், உடனே பாருங்கள். தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டி, காய்ந்த குச்சிகளை அடியோடு எடுத்து, செடிக்கு 10 கிலோ தொழு உரம் போடுங்கள்.

காட்பாடிக் கொல்லை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மல்லிக்கு ரசாயன உரமும் போடணுமா? எவ்வளவு?

சோளிங்கர் செடிகள்

போடலாம். செடிக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம். சாம்பல் சத்துக்கு வழக்கமாக மியூரியேட் பொட்டாஷ் 100 கிராம் சொல்வார்கள், ஆனால் அதில் குளோரைடு உண்டு. உங்கள் தண்ணீரே உப்பு என்பதால் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 120 கிராம் வாங்குங்கள், விலை கூடத்தான். தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாகப் பள்ளம் பறித்துப் போட்டு, மண் மூடி, அன்றே தண்ணீர் விடணும். இதே அளவு ஜூன்–ஜூலையில் இன்னொரு முறை.